வாங்கப் போகிறவர்

சனிக்கிழமை சாயங்காலம் கிட்டார் கடைக்குப் போனால் அவரைப் பார்க்கலாம். கையில் ஹெல்மெட், முதுகில் லேப்டாப் பை. கடைப் பையன் "வாங்க சார்" என்பதோடு சரி; தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவான். இவர் வாங்க வந்தவரல்ல, வாங்கப் போகிறவர் என்பது அவனுக்குத் தெரியும்.

"ஃபங்க் மியூசிக்குன்னா சிங்கிள் காயில் பிக்கப்தான் தம்பி. அந்த ஸ்ட்ராட்டை இறக்கு." இறக்கியதும் ஃபங்க் கிட்டார்க்காரர் நைல் ராட்ஜர்ஸ் புராணம் தொடங்கும். மயாமி அடகுக் கடையில் அவருக்குக் கிடைத்த ஸ்ட்ராட்டோகாஸ்டர். உடல் 1960, கழுத்து 1959. சொந்தக் கல்யாண வருஷத்தைச் சொல்ல மட்டும் கொஞ்சம் யோசிப்பார்.

அடுத்தது பிக்கப்பை மாற்றும் சுவிட்ச். ஆதியில் அதற்கு மூன்றே நிலை. வாசிப்பவர்கள் அதை இரண்டு நிலைக்கு நடுவே நிறுத்தி, வாத்து கத்துவதுபோன்ற ஒரு சத்தத்தைக் கண்டுபிடித்தார்கள். 1977இல்தான் ஃபெண்டர் கம்பெனி ஐந்து நிலை சுவிட்சைப் போட்டது. நம்மவர் நாலாம் நிலையில் வைத்து ஈ நைன்த் கார்டை ஒரு தட்டுத் தட்டுவார். கண்ணை மூடுவார். பிறகு இரண்டாம் நிலை. மறுபடி அதே ஈ நைன்த். வேறு கார்டு இதுவரை யாரும் கேட்டதில்லை. வித்தியாசம் புரிந்ததுபோல நாம் தலையாட்டிவிடுவது உத்தமம்.

முடிவாகிவிட்டது என்று நினைக்கும்போது பாடகர் பிரின்ஸ் குறுக்கே வருவார். அவர் கையில் இருந்தது டெலிகாஸ்டர் சாயலில் ஹோனர் பெயரில் வந்த கிட்டார் ஆயிற்றே! ஸ்ட்ராட் சுவருக்குத் திரும்பும், டெலி இறங்கும். பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் கிட்டார்க்காரர் ஜிம்மி நோலனைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள். 1965இலேயே இந்த ஃபங்க் வாசிப்புக்குப் பிள்ளையார் சுழி போட்ட அந்த மனிதர், பருத்த கிப்சன் ஜாஸ் கிட்டார்களை வைத்துக்கொண்டும் வாசித்தவர். "அது வேற காலம் சார்" என்று நம்மவர் பேச்சை மாற்றிவிடுவார்.

உண்மையில் விஷயம் மணிக்கட்டில் இருக்கிறது. தாளத்தின் ஒவ்வொரு அடிக்கும் நான்கு வீச்சு. வலது கை நிற்கவே கூடாது. இடது கை விரல்கள் கம்பியை அழுத்தாமல் தொட்டுக்கொண்டே இருந்து, வேண்டிய இடத்தில் மட்டும் அழுத்திவிட வேண்டும். பாதிக்கு மேல் வெறும் 'சிக்குசிக்கு'தான். இதை நமக்கு விளக்குவதும் அவரேதான், வெறுங்கையை ஆட்டிக் காட்டி. கிட்டார் இல்லாதபோது அவர் மணிக்கட்டு அபாரம். இருந்தால் நாலாவது தாளச் சுற்றில் பிடித்துக்கொள்ளும்.

வீட்டில் பழைய கிட்டார் ஒன்று உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு சாதகம் செய்வார். "என்னங்க, தேங்காயா துருவுறீங்க?" என்று மனைவி குரல் கொடுப்பார். அவர் கேட்ட ஒரே பாராட்டு அதுதான். கடையில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் பையனே இரங்கி வந்தான். "சார், ஆயுத பூஜை ஆஃபர் போட்டிருக்கோம். நாளையோட முடியுது."

அவர் டெலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கம்ப்ரஸர் பெடல் எதுன்னு முதல்ல முடிவு பண்ணிக்கிறேன் தம்பி. அது தெரியாம கிட்டாரை எப்படி எடுக்கிறது?"