பழஞ்சீலையின் பதவியிறக்கம்: மன்னார்க் கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

அலுமாரியிலிருந்து புறப்படும் ஒரு பழஞ்சீலை, குசினி வாசலில் கால்மிதியாக ஓய்வுபெறும் வரை வீட்டுக்குள் எத்தனை உத்தியோகம் பார்க்கிறது என்பதை அறிஞர் உலகம் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. மன்னார்க் கோட்டையைப் பற்றி எழுதினார்கள். முத்துக்குளிப்பைப் பற்றி எழுதினார்கள். பள்ளிமுனைப் பெருக்கமரத்தின் இடுப்பைக்கூட நாடா பிடித்து அளந்தார்கள். அளந்து களைத்தவர்கள் தேத்தண்ணி குடித்த வீட்டின் கதவில் தொங்கியது யாருடைய சேலை என்று மட்டும் கேட்கவில்லை.

இக்கட்டுரையின் கருதுகோள் இது: சேலையின் பதவியைத் தீர்மானிப்பது கிழிசலுமல்ல, சாயம் போனதுமல்ல. அதைக் கொடுத்தவர் யார் என்பதே.

முதலில் சரித்திரம். மன்னாரின் மணல் நிலத்தில் சாயவேர் என்றொரு சிறு பூண்டு முளைக்கும். அதன் வேரைப் படிகாரத்தோடு சேர்த்தால் எத்தனை முறை தோய்த்தாலும் போகாத சிவப்பு பருத்தியில் ஏறும். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து மன்னாரைப் பிடித்த ஒல்லாந்தர், இந்த வேரின் வியாபாரத்தைத் தங்கள் தனியுரிமையாக்கிக்கொண்டார்கள். வேர் அக்கரைக்குப் போனது. சோழமண்டலக் கரைச் சாயக்காரர்கள் சீட்டித் துணிக்கும், ‘பலம்பூர்’ எனப்பட்ட பெரிய கட்டில் விரிப்புக்கும் சாயவேரால்தான் சிவப்பேற்றினார்கள். விரிப்புகள் கப்பலேறி ஐரோப்பா சேர்ந்தன.

அங்கே நடந்தது நமது ஆய்வுக்கு நேரடிச் சான்று. கட்டில் விரிப்பைச் சுவரில் மாட்டினார்கள்; வெட்டி யன்னலுக்குத் திரையாக்கினார்கள்; கதிரைக்கு உறை தைத்தார்கள்; கடைசியில் உடுப்பாகத் தைத்து உடுத்தியும்விட்டார்கள். வேலைக்காரிகூடச் சீண்டாத விரிப்பு சீமாட்டியின் உடம்பில் ஏறிவிட்டதே என்று, ராபின்சன் குரூசோ எழுதிய டானியல் டீஃபோ அலுத்துக்கொண்டார். 1721இல் பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு சட்டமே கொண்டுவந்தது. அச்சிட்ட பருத்தித் துணியை உடுப்பது மட்டுமல்ல, கட்டிலிலும் கதிரையிலும் யன்னல் திரையிலும் போடுவதும் குற்றமாயிற்று. ஒரு வீட்டு யன்னலில் எந்தத் துணி தொங்கலாம் என்று பாராளுமன்றம் கூடித் தீர்மானித்திருக்கிறது! மன்னாரில் அந்த அதிகாரம் மாமியிடம் இருக்கிறது, வாக்கெடுப்புக் கிடையாது.

பிற நாட்டு ஒப்பீடு இல்லாமல் ஆய்வுக் கட்டுரை நிறைவு பெறாது. வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே காந்தா என்ற போர்வை தைப்பார்கள். அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் மிசூரி பெட்வே என்பவர், 1942இல், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். அந்த ஊர்ப் பெண்களின் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் சுவருக்கே ஏறின.

மன்னாரில் போர்வைக்கு வேலையில்லை. இங்கே வெட்டாமல் ஒட்டாமல் முழுச் சேலையே உத்தியோகத்துக்குப் போகும். முதல் நியமனம் வாசல் திரை. இது சுகமான பதவி என்று வெளியூரார் நினைக்கக்கூடும். தீவின் தென்கரையில் தம்பபவனி என்ற பெயரில் 30 காற்றாலைகளை நிறுத்தி 103.5 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள் என்றால் அந்தக் காற்றின் குணத்தை ஊகித்துக்கொள்ளலாம். சோளகம் பிடித்தால் திரை கிடையாகப் பறக்கும்; வீட்டின் அந்தரங்கம் தெருவுக்கு வந்துவிடும். அதனால் கனத்த சரிகைக் கரை கீழே வரும்படி தொங்கவிடுவதே அறிவுடைமை.

அடுத்தது ஏணை. வளையில் கட்டித் தொங்கும் இந்தப் பதவிக்கு நன்றாகத் தோய்த்துப் பழகிய பருத்தி மட்டுமே தகுதி பெறும். சேலையின் வாழ்வில் பதவி உயர்வு என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். அதற்குப் பிறகு முற்றத்தில் மிளகாய்க்கும் ஒடியலுக்கும் கீழே விரிப்பு, தலையணைக்குள் திணிப்பு, சட்டி பிடிக்கும் துணி, சைக்கிள் துடைக்கும் துணி என்று சரிவு வேகமாகும்.

இங்கேதான் கருதுகோள் உறுதிப்படுகிறது. மாமி வீட்டுச் சீர்ச்சேலை நல்ல நிலையில் இருக்கும்போதே மிளகாய் காயப்போடப் போய்விடும். அம்மம்மாவின் சேலை நூல் நூலாகப் போன பிறகும் சாமிப்படத்துக்கு முன்னால் மேசை விரிப்பாக இருக்கும். கூறைச் சேலை இந்தப் பட்டியலிலேயே சேராது. இராசகற்பூர உருண்டையோடு அலுமாரியில் கிடக்கும் அதைத் தொட ஆய்வாளருக்கும் அனுமதியில்லை.

கொடுத்தவரைக் கேளாமல் சேலைகள் வேலைக்குப் போன காலமும் உண்டு. 1990 அக்டோபரில் மன்னார் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, பலர் கடல்வழியாகக் கல்பிட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். போரில் இடம்பெயர்ந்த தமிழர்கள் மடு தேவாலயத்தைச் சுற்றியும், கடல் தாண்டி மண்டபம் முகாமிலும் தங்கினார்கள். அங்கெல்லாம் சேலை சுவராயிற்று. ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவில் அதுவே எல்லை. அந்தக் காலத்துக்கு இக்கட்டுரையின் பதவிப் பட்டியல் பொருந்தாது.

எஞ்சியிருப்பது நைலெக்ஸ் சேலைச் சிக்கல். அது தண்ணீரை உறிஞ்சாது. ஆகவே கால்மிதிக்கு உதவாது. சூட்டில் உருகும், ஆகவே சட்டி பிடிக்க ஆகாது. வியர்க்க வைக்கும், பிள்ளை ஏணையில் கிடக்க மாட்டாது. உக்கவும் மறுக்கும். கடைசியில் அதைக் கத்தரிப் பாத்தியைச் சுற்றி வேலியாகக் கட்டுகிறார்கள். மன்னார்த் தெருக்களில் கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகளைத் தடுப்பதே நோக்கம். பெரிய பூப்போட்ட நைலெக்ஸ், வெறும் நிற நைலெக்ஸைவிடக் கழுதையை நன்றாகத் தடுக்கும் என்பது ஒரு சாராரின் கொள்கை. கத்தரிக்காய்களின் நிலையைப் பார்த்தால் மறுசாரார் பக்கமும் நியாயம் இருப்பதாகவே படுகிறது.