லட்சுமிக்கு லிஃப்ட் எதுக்கு நைனா?

வா நைனா, உட்காரு. கிரகப்பிரவேசம் ஜோராமே? அயனம்பாக்கம் ஏரியைப் பாத்தாப்ல நாலாவது மாடி. சந்தோசம். பசுமாட்டை லிஃப்டுல ஏத்தி இட்டாந்தியாமே, அதைத்தான் ஊரே பேசுது. வழவழன்னு டைல்ஸ் போட்டா குளம்பு நிக்குமாடா? ரெண்டு பேர் முன்னால இழுக்க, ஒருத்தர் வாலை முறுக்க, அது நடுக்கூடத்துல சாணி போட்டுது. உடனே "லட்சுமி கடாட்சம்"னு எல்லாரும் கன்னத்துல போட்டுக்கினீங்க. பயந்த மாடு வேற என்னத்தைப் போடும், கண்ணு?

வாடகை நேரம் முடிஞ்சுது. லட்சுமி தெருவுக்கு வந்துட்டா. நீ என்னா பண்ணே? பந்தியில மீந்த சோறு, எச்சில் இலை எல்லாத்தையும் கவர்ல கட்டி, ரெட்டை முடிச்சுப் போட்டு, தெருமுனையில வீசிட்டே. சுத்தக்காரன்!

மாட்டுக்கு மேல்வரிசையில முன்பல்லு கிடையாது, தெரியுமா? நாக்கால வளைச்சு இழுத்து முழுங்கும். அசை போடறதெல்லாம் அப்பால. சோத்து வாசனை வந்தா கவரோட உள்ள தள்ளும். முடிச்சவுக்க அதுக்கென்ன கையா இருக்கு? போன கவரு செரிக்காது. வயித்துலயே குடித்தனம் பண்ணும்.

எங்கியோ நடந்த கதை இல்லை. நம்ம திருமுல்லைவாயல் மாடுதான், 2019 அக்டோபர்ல. கன்னு போட்டு மாசம்கூட ஆகலை. பால் இல்லை. வலி தாங்காம பின்னங்காலால தன் வயித்தைத் தானே உதைச்சுக்கினு நின்னுது. வேப்பேரி மாட்டாஸ்பத்திரியில அஞ்சு மணி நேரத்துக்கு மேல அறுத்து எடுத்தாங்க. 52 கிலோ பிளாஸ்டிக்! அந்த வருசம் ஜனவரி 1லேர்ந்துதான் பிளாஸ்டிக் பைக்குத் தடைன்னு தமிழ்நாடே தம்பட்டம் அடிச்சுது. மாட்டுக்கு யாரும் அரசாணையைப் படிச்சுக் காட்டலை போல.

மாட்டுக்காரன் மட்டும் யோக்கியனா? விடியக்காலையில ஒட்டக் கறந்துக்குவான். அப்பால ரோட்டுல அவுத்து வுட்டுருவான். மேய்க்கால் இருந்த இடத்துலல்லாம் மாடி முளைச்சாச்சு, அது எங்க போய் மேயும்? கேட்டா, புண்ணாக்கு விக்கிற விலையை நம்மகிட்டயே சொல்லி அழுவான். தீனி போட வக்கில்லாதவனுக்கு மடி மேல மட்டும் என்னா உரிமை?

சட்டம் இருக்கேங்கிறியா? இருக்கு. கலாக்ஷேத்திரா ருக்மிணி தேவி அம்மா மாநிலங்களவையில விடாம பேசிப் பேசி, 1960ல வந்துது. மிருகத்தை அடிச்சுக் கொடுமை பண்ணா முதல் தடவை அபராதம் 10 ரூபாய்லேர்ந்து 50 ரூபாய். ஆமாம், ஐம்பதுதான். ஒரு பிளேட் பஜ்ஜி வாங்கலாம். அதே மாடு ரோட்டுல நின்னு உன் காரை மறிச்சா? 2024லேர்ந்து மாநகராட்சி மாட்டுக்காரன்கிட்ட 10,000 தீட்டுது. எது பெரிய குத்தம்னு இப்ப வெளங்குதா?

பெரிய வேலை ஒன்னும் சொல்லலை. காய்த்தோல், கழனித் தண்ணியை ஒரு பக்கெட்டுல ஊத்தி கேட்டுக்கு வெளியே வை. கவரைக் குப்பை வண்டிக்காரங்க கையில தனியாக் குடு. பில்டிங் அழகு கெடுதுன்னு உங்க செக்ரட்டரி மீட்டிங் போடுவாரு. போடட்டும். அவர் பேசி முடிக்கறதுக்குள்ள மாடு குடிச்சிட்டுப் போயிடும்.