சி வாங்கிய ஸ்பானிஷ்

என் எட்டாம் வகுப்பு மதிப்பெண் அட்டை கடைசியில் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறியது. அதில் ஆங்கிலத்துக்கு 38 என்று சிவப்பு மையில் எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தார்கள். அந்த 38 அதன்பிறகு என் வாழ்க்கையில் குறுக்கே வரவில்லை. விசா அதிகாரி கேட்கவில்லை, மாமனார்கூடக் கேட்கவில்லை.

என் மகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாங்கள் இருப்பது வர்ஜீனியாவில். ஹைஸ்கூல் தொடங்குவது ஒன்பதாம் வகுப்பில்தான். ஆனால் எட்டாம் வகுப்பிலேயே ஸ்பானிஷ் எடுத்தால் அது ஹைஸ்கூல் பாடமாகவே கணக்கு, அதற்கான கிரெடிட்டும் உண்டு. இங்கே உயர்தர டிப்ளமோவுக்கு ஒரே அயல்மொழியை மூன்று ஆண்டு படிக்க வேண்டும், அல்லது இரண்டு மொழிகளை இரண்டிரண்டு ஆண்டு. ஓர் ஆண்டை முன்னதாகவே முடித்துவிட்டால் லாபம்தானே என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன். தள்ளுபடி என்றதும் படிக்காமல் கையெழுத்துப் போடுவது எனக்குப் பழக்கம். கிரெடிட்டோடு கிரேடும் ஒட்டிக்கொண்டு வரும் என்பதை, மகள் சி வாங்கிய பிறகுதான் கவனித்தேன்.

அன்றிரவு எக்செல்லைத் திறந்தேன். ஏ என்றால் 4, சி என்றால் 2. நான்கு ஆண்டு, ஆண்டுக்கு ஏழு பாடம், 28 பாடங்களிலும் ஏ வாங்கினாலும் இந்த ஒரு சி சேர்ந்தால் சராசரி 3.93. மூன்று முறை போட்டுப் பார்த்தேன், அதேதான் வந்தது. "பன்னிரண்டாம் வகுப்பு வரை ஏ வாங்குவான்னு முடிவே பண்ணிட்டீங்களா?" என்றாள் மனைவி. கணக்குப் போடும்போது குறுக்கே பேசக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

சி எதற்கு என்று விசாரித்தால், எல்லாம் ஓர் அலைக்கோட்டால் வந்த வினை. ஸ்பானிஷில் வயதைச் சொல்ல 'எனக்கு 13 அஞோஸ்' என்பார்கள். அஞோஸ் என்றால் ஆண்டுகள். அதில் வரும் n எழுத்தின் தலைமேல் சின்னதாக ஓர் அலை போட வேண்டும். போடாவிட்டால் அது அனோஸ். அப்போது 'எனக்கு 13 ஆசனவாய்கள்' என்று பொருள். என் மகள் பரீட்சையில் தன்னைப் பற்றி மட்டுமல்லாமல் தம்பி, பாட்டி என்று குடும்பம் முழுவதையும் அப்படி அறிமுகப்படுத்தியிருந்தாள். பாட்டிக்கு 71. ஞ-வையும் ன-வையும் தனித்தனி எழுத்தாக வைத்துவிட்டுப் போன நம் முன்னோருக்கு அன்றுதான் முதன்முதலாக நன்றி சொன்னேன்.

ஆனால் அதே வாரம் எல் சால்வடோர் நாட்டுக்காரர்களின் கடை ஒன்றுக்குப் போனோம். புபுசா வாங்க. நம் போளி மாதிரி உள்ளே பூரணம் வைத்த சோள ரொட்டி. பூரணம் மட்டும் சீஸும் பீன்ஸும். சி வாங்கியவள் கல்லாவில் இருந்த அம்மாளிடம் ஏதோ சொல்ல, அவர் சிரித்து, பேசி, ஊறவைத்த முட்டைக்கோஸை இன்னொரு கரண்டி அள்ளி வைத்தார். நான் ஏ வாங்கிய தோரணையில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

என் கதை நேர்மாறு. பிளஸ் டூவில் எனக்குப் பிரெஞ்சில் 200-க்கு 188. 'பிரெஞ்சு எடுத்தால் மார்க் கொட்டும்' என்பது அன்று ஊரறிந்த ரகசியம். இத்தனைக்கும் இன்ஜினியரிங் கட்-ஆஃபில் மொழிப்பாட மதிப்பெண் துளிகூடச் சேராது. '1200-க்கு எவ்வளவு?' என்று கேட்கும் பெரியப்பாவுக்காகவே வாங்கிய 188 அது. பிற்பாடு பாரிஸ் விமான நிலையத்தில் தண்ணீர் கேட்க வாயைத் திறந்தேன். 'கோடிட்ட இடங்களை நிரப்புக' தவிர ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

கலிபோர்னியா பல்கலைக்கழகக்காரர்கள் இந்த எட்டாம் வகுப்புக் கிரேடு விஷயத்தில் கொஞ்சம் மனிதாபிமானிகள் என்பேன். ஏழாம், எட்டாம் வகுப்பில் படித்த மொழியைச் சேர்க்கைத் தகுதிக்கு ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் ஜிபிஏ என்கிற கிரேடுச் சராசரிக் கணக்கை ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். படித்தாயா, சரி, 13 வயதில் அலைக்கோடு விட்டாயா, போகட்டும். பிழை விடாமல் மொழி கற்றவர் யார்? இதே மகள் மூன்று வயதில் பாட்டியை 'வாடா' என்று கூப்பிட்டாள். அதற்கு நாங்கள் கிரேடு போடவில்லை, வீடியோ எடுத்தோம்.

வர்ஜீனியாவிலும் ஒரு வழி உண்டு என்று பள்ளிக் கவுன்சிலர் சொன்னார். பெற்றோர் எழுதிக் கேட்டால் அந்தக் கிரேடை டிரான்ஸ்கிரிப்ட் என்கிற ஹைஸ்கூல் மதிப்பெண் பதிவிலிருந்து எடுத்துவிடலாம். கூடவே கிரெடிட்டும் போய்விடும். ஒன்பதாம் வகுப்பில் அதே பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். கடிதத்தை அச்சடித்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தேன். மகள் படித்தாள்.

"அப்போ நைன்த்ல மறுபடியும் ஸ்பானிஷ் ஒன்னா?"

"ஆமாம்மா. உனக்குக் கஷ்டமா இருந்தா…"

"என்ன கஷ்டம்? எல்லாம் தெரிஞ்சதுதானே. சும்மா உட்கார்ந்திருந்தாலே ஏ வரும். சைன் பண்ணுங்கப்பா."

பிரெஞ்சு எடுக்கப் பணம் கேட்டபோது என் அப்பாவிடம் நான் சொன்னதும் ஏறக்குறைய இதேதான். மனைவி என் கையிலிருந்த பேனாவை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.