மைனிக்கும் மாமிக்கும் அடையாள அட்டை

பெறுநர்: செயலர், நுகர்வோர் விவகாரத் துறை, கிருஷி பவன், புதுதில்லி.

பொருள்: நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் ஆள் சேர்க்கும் முறை – மும்பைத் தமிழர் பகுதிகளின் நடைமுறைக்கேற்ப விதிகளைத் திருத்தக் கோருதல்.

பார்வை: நேரடி விற்பனை விதிகள், 2021; பரிசுச்சீட்டு மற்றும் பணச்சுழற்சித் திட்டங்கள் (தடை) சட்டம், 1978.

நெட்வொர்க் மார்க்கெட்டிங் எனப்படுவது, கடை வைக்காமல் ஆள் வைத்துப் பொருள் விற்கும் முறை. விற்பவர் தனக்குக் கீழே ஆட்களைச் சேர்த்தால் அவர்களுடைய விற்பனையிலும் அவருக்குப் பங்கு உண்டு. இதைச் சட்டம் அனுமதிக்கிறது. பொருள் பெயரளவுக்கு இருந்து, புதிதாகச் சேர்பவர் கட்டும் பணமே பழையவருக்குப் பங்காகப் போனால் அது பணச்சுழற்சி. 1978 முதல் குற்றம். இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு தில்லியில் நன்றாகத் தெரிகிறது. தாராவி தொண்ணூறடிச் சாலையிலிருந்து கூட்டத்துக்குக் கூட்டிப்போகப்படுபவருக்குத் தெரிவது ஒரே மேடை, ஒரே மைக், மே மாதத்திலும் கழற்றப்படாத ஒரே கோட்டு.

2021 டிசம்பர் 28 அன்று அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, விற்பனையாளர் பேச்சைத் தொடங்கும்போதே தான் யார், எந்த நிறுவனம், எதற்காக வந்திருக்கிறார் என்பதை யாரும் கேட்காமலே சொல்ல வேண்டும். அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் நுகர்வோர் வீட்டுக்குப் போகக் கூடாது. விதியை வரைந்தவர்களின் மனக்கண்ணில் இருந்தவர் பெட்டியோடு கதவைத் தட்டும் அந்நியர் என்று தெரிகிறது. மும்பையில் அவர் அந்நியர் அல்லர். தாராவியில் அவர் திருநெல்வேலி வழி வந்த மைனி. மாட்டுங்காவில் பஜனை முடிந்து சுண்டல் வாங்கும் வரிசையில் நிற்கும் மாமி. செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலில் கிருத்திகைக்குக் கிருத்திகை பார்க்கும் ஓய்வுபெற்ற வங்கி மாமா. மூவரிடமும் அட்டை கேட்க முடியாது. மைனியிடம் முன் அனுமதி கேட்கும் வீட்டில் அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை வராது.

எதற்காக வருகிறோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும் என்ற விதிதான் நடைமுறையில் முற்றாகத் தலைகீழானது. “போன்ல சொல்ல முடியாது, நேர்ல வா”, “சும்மா ஒரு மீட்டிங், சாய் குடிச்சிட்டுப் போயிரலாம்”, “உன்ன மாதிரி படிச்ச பையனத்தான் தேடுறாங்க” என்பவை அழைப்பின் வழக்கமான வடிவங்கள். நிறுவனத்தின் பெயர் கூட்டம் தொடங்கி நெடுநேரம் கழித்தே வெளிவருகிறது; கட்ட வேண்டிய தொகை அதற்கும் பின்னால். சந்தேகம் கேட்பவர் ‘நெகட்டிவ்’ எனப்படுகிறார். கேட்டவர் கணக்குப் பாடத்தில் தேறியவராக இருந்தால் ‘ரொம்ப நெகட்டிவ்’.

அந்தக் கணக்கு நான்காம் வகுப்புப் பெருக்கல்தான். கரும்பலகையில் எழுதப்படும் ‘ஆளுக்கு ஆறு பேர்’ திட்டத்தை அதன் போக்கிலேயே விட்டால், ஒன்பதாம் அடுக்கு முடியும்போது சேர்ந்திருக்க வேண்டியவர்கள் 1,20,93,234 பேர். 2011 கணக்கெடுப்பில் மும்பை மாநகரின் மக்கள்தொகை சுமார் 1 கோடியே 24 லட்சம். தொட்டில் குழந்தையும் ஆர்தர் ரோடு சிறைவாசியும் சேர்ந்தால்தான் ஒன்பதாம் அடுக்கு நிறையும். பத்தாம் அடுக்குக்குப் புதிதாக 6 கோடிப் பேர் வேண்டும் என்பதால் ஊருக்கு ரயில் ஏறித் தமிழ்நாட்டை ஏறக்குறைய முழுதாகச் சேர்க்க வேண்டிவரும். பன்னிரண்டாம் அடுக்குக்குத் தேவை 217 கோடி; இந்தியா போதாது. பதின்மூன்றில் உலகமே போதாது. தாராவிச் சந்துகளில் பிடிக்கும் சீட்டிலும் ஏமாற்று உண்டு. ஆனால் இருபது பேர் போட்ட சீட்டு இருபது மாதத்தில் முடிந்துவிடும். இருபத்தோராவது ஆளைத் தேடி யாரும் சயான் ஸ்டேஷன் வாசலில் நிற்பதில்லை.

வாய்ப்பை மதிப்பிடுபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தரப்போகும் பணம் யார் பையிலிருந்து வருகிறது என்பது. 2011இல் மும்பை பொருளாதாரக் குற்றப்பிரிவின் கைக்கு வந்த ஸ்பீக் ஏஷியா வழக்கு இதற்குப் பாடமாகும் தகுதி உள்ளது. சிங்கப்பூரைத் தலைமையிடமாகச் சொன்ன அந்நிறுவனத்தில் 11,000 ரூபாய் கட்டினால் வாரம் இரண்டு இணையக் கருத்துக்கணிப்புகள். ஒன்றுக்கு 500 ரூபாய். ஆண்டுக்கு 52,000. ஆள் சேர்த்தால் அதற்குத் தனி. மிச்சம் 41,000 ரூபாயைத் தருவது யார் என்ற கேள்விக்கு, கருத்துக்கணிப்பை வாங்கும் பெரிய நிறுவனங்கள் என்று பதில் வந்தது. பெயர் சொல்லப்பட்டவற்றில் சில, தங்களுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்று மறுத்தன. சோப்பைப் பற்றி நான்கு கட்டங்களில் டிக் அடிப்பதற்கு 500 ரூபாய் தரும் முதலாளி இந்தியாவில் உண்டா என்று கேட்க லட்சக்கணக்கான உறுப்பினர்களுக்கு நேரமில்லை. அவர்கள் டிக் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த கேள்வி, ஆள் சேர்க்கும் வசதி இல்லாவிட்டால் அந்தப் பொருளை அந்த விலைக்கு யாராவது வாங்குவாரா என்பது. 2008இல் சென்னைக் காவல்துறையின் வழக்கில் சிக்கிய குவெஸ்ட்நெட் தங்க நாணயம் விற்றது. 2013இல் மும்பையில் வழக்குக்கு ஆளான க்யூநெட்டின் பட்டியலில், உடலுக்கு நன்மை தரும் என்று சொல்லப்பட்ட கண்ணாடி வட்டு இருந்தது; குற்றச்சாட்டுகளை நிறுவனம் மறுத்தது. 2024இல் மாட்டுங்காவுக்கு அடுத்த ஸ்டேஷனான தாதரில் கடை திறந்த டோரஸ், மாய்சனைட் கல்லை வாங்கினால் வாராவாரம் பணம், ஆள் கூட்டிவந்தால் மேலும் பணம் என்றது. 2025 ஜனவரியில் வாரப் பணம் நின்றதும் கடை வாசலில் கூட்டம் கூடியது; காய்கறி வியாபாரி ஒருவரின் புகாரின் பேரில் வழக்குப் பதிவானது. கோடிக்கணக்கில் புரளும் கூடத்தின் கணக்கை, தராசு பிடித்த கைதான் முதலில் சரிபார்த்தது.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி ஒரு கட்டளையாகவே மாறியது. 2016இல் ஹெர்பாலைஃப் நிறுவனம் 20 கோடி டாலர் கட்டியதோடு, விநியோகிப்பவர்களுக்குத் தரும் பரிசுத்தொகையில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு, கணக்கில் காட்டக்கூடிய சில்லறை விற்பனையிலிருந்து வர வேண்டும் என்ற நிபந்தனைக்கும் உடன்பட்டது. இந்திய விதியில் இப்படியொரு விகிதம் இல்லை. கண்காணிக்கும் ஏற்பாட்டை மாநிலங்கள் செய்துகொள்ள வேண்டும் என்று மட்டும் இருக்கிறது.

ஏமாந்தவர்கள் ஏன் புகார் தருவதில்லை என்று துறை வியப்படையலாம். ஸ்பீக் ஏஷியா சரிந்தபோது அதன் உறுப்பினர்கள் சங்கம் வைத்து நிறுவனத்தின் பக்கம் நின்றார்கள். 2024 ஜனவரியில் கோவை நீலம்பூரில், விளம்பரம் பார்த்தால் பணம் என்ற மைவி3 ஆட்ஸுக்கு ஆதரவாக ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். விசுவாசம் ஒரு காரணம். இன்னொரு காரணம் 1978 சட்டத்தின் 3ஆம் பிரிவிலேயே இருக்கிறது: திட்டத்தை நடத்துவது மட்டுமல்ல, அதில் உறுப்பினராகச் சேர்வதும் குற்றம். புகார் எழுதுபவர் முதல் வரியிலேயே தன் குற்றத்தையும் எழுதித்தர வேண்டும். இரண்டாம் வரியில் தன்னைச் சேர்த்த மைனியின் பெயர். மூன்றாம் வரியில், தான் சேர்த்த தங்கையின் பெயர். எழுதாமல் இருப்பதே குடும்பத்துக்கு நல்லது என்று முடிவாகிறது. தண்டனையோ மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஸ்பீக் ஏஷியாவில் சேரும் கட்டணத்தில் இந்த அபராதத்தை இரண்டு முறை கட்டி, மீதியில் மாட்டுங்காவில் குடும்பத்தோடு தோசை சாப்பிடலாம்.

நேர்மையாக ஆள் சேர்ப்பது முடியாத காரியமல்ல. விதிகளைப் பின்பற்றும் அழைப்பு ஏறக்குறைய இப்படி அமையும்: “மாமி, நான் இன்ன கம்பெனியில் ஷாம்பு விற்கிறேன். உங்களையும் விற்கச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். சேரக் கட்டணம் கிடையாது, எவராவது கேட்டால் தராதீர்கள். கடையில் இதைவிட மலிவாகக் கிடைக்கும். இதுவரை எனக்கு வந்த பணம் இவ்வளவு, நான் வாங்கி வீட்டில் அடுக்கியிருக்கும் பாட்டில் இத்தனை. எனக்கு மேலே இருப்பவர் வாடகைக் காரில் வருகிறார். வேண்டாம் என்றால் நவராத்திரிக்கு வழக்கம்போல் வருகிறேன்.” இதைக் கேட்டும் சேர்பவர் ஷாம்பு விற்கவே சேர்கிறார், அவரைப் பற்றித் துறைக்கு எந்தக் கவலையும் தேவையில்லை. இந்த வாசகம் அச்சிட்ட அட்டையை ஒவ்வொரு உறவினரும் கல்யாணம், வளைகாப்பு, கும்பாபிஷேகம் ஆகியவற்றில் கழுத்தில் அணிய வகைசெய்யுமாறும், தமிழிலும் அச்சிடுமாறும் கோரப்படுகிறது. பட்டுப்புடவைக்குப் பொருந்தும் நிறத்தில் கயிறு அமைந்தால் ஏற்பு கூடும்.

கடைசியாக, சேர்ந்தவர் மனம் மாறி விலகிப் பணத்தைத் திரும்பப் பெறுவதற்கான அவகாசம். அது ‘நியாயமான’ காலமாக இருக்க வேண்டும் என்பதோடு விதி நிற்கிறது. நாள் கணக்கை நிறுவனமே முடிவு செய்கிறது. அவகாசம் ஓடும் நாட்களில் புதியவரை செமினாரில் உட்காரவைத்துக் கைதட்டவைப்பது வழக்கம். குறைந்தது 30 நாள் என்று எழுதி, அந்த 30 நாளும் ‘அப்லைன்’ எனப்படும் மேலடுக்கு ஆட்கள் அவர் வீட்டுக்குச் சாப்பிட வரக்கூடாது என்பதையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.