சும்மா இருக்கப் புறப்படுதல்

பிரான்சில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கு வருடத்தில் ஐந்து வாரம் லீவு. 1936இல் தொழிற்சாலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்து, லெயோன் புளும் அரசிடம் முதல் இரண்டு வாரத்தை வாங்கினார்கள். அது மெல்ல மெல்ல வளர்ந்து 1982இல் ஐந்தானது. இப்படிப் போராடிப் பெற்றதை வீட்டுச் சோபாவில் கழிப்பதை இந்த நாட்டவர் வரலாற்றுத் துரோகமாகவே கருதுகிறார்கள். ஜனவரியில் புதுவருட வாழ்த்துச் சொல்லி வாய் மூடுவதற்குள் அலுவலகத்தில் அடுத்த கேள்வி வந்துவிடும்: கோடைக்கு எங்கே? "வீட்டில்தான்" என்று சொல்லிப் பாருங்கள். கோப்பியைக் கீழே வைத்துவிட்டு உங்கள் தோளில் ஆறுதலாகக் கை போடுவார்கள்.

தோளில் கை விழாமலிருக்க நாங்களும் நாட்டுப்புறம் போவதென்று முடிவெடுத்தோம். இடம், தோர்தோன் மாவட்டம். பாரிஸிலிருந்து தெற்கே ஏறத்தாழ 500 கிலோமீற்றர். நோக்கம் ஒன்றே ஒன்று: சும்மா இருப்பது. ஓர் ஆறு, ஒரு வால்நட் மரம், ஒரு கல்வீடு, வாசலில் ஒரு நாற்காலி, நாற்காலியில் நான்.

அம்மாவுக்கு இது விளங்கவில்லை.

"அங்க என்ன பிள்ளை இருக்கு?"

"வயல், ஆறு, மாடு அம்மா."

"மாடு பாக்கவோ காசு குடுத்துப் போறியள்? சரசாலையிலை நான் பாக்காத மாடோ? அவிட்டுக் கட்டியே அரைவாசி வயசு போச்சு."

இவர், அதாவது என் கணவர், இடையில் புகுந்தார். "மாமி, அது உழைப்பு. இது ஓய்வு."

"மாட்டுக்கு ரெண்டும் ஒண்டுதான் தம்பி."

முதலில் தேதி குறிக்கவேண்டும். மூத்தவளுக்கு ஐந்து வயது. 2019 முதல் இங்கே மூன்று வயதிலேயே பள்ளிக்கூடம் கட்டாயம் என்பதால், அவள் ஏற்கெனவே அரச நாட்காட்டிக்குக் கட்டுப்பட்ட பிரஜை. குளிர்கால லீவையும் வசந்தகால லீவையும் நாட்டை மூன்று வலயமாகப் பிரித்து மாற்றி மாற்றி விடுவார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் பனிமலையில் ஏறி நிற்கக் கூடாதென்று. கோடையில் அந்தக் கரிசனை கிடையாது. நாட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் ஜூலை தொடக்கத்தில் ஒன்றாக அவிழ்த்துவிடுகிறார்கள். சின்னவனின் காப்பகமோ ஓகஸ்டில்தான் பூட்டு. இரண்டையும் கூட்டிக் கழித்தால் எங்களுக்கு வந்து வாய்த்தது ஓகஸ்ட் முதல் சனிக்கிழமை.

அந்தச் சனிக்கிழமையின் சரித்திரத்தைச் சொல்லவேண்டும். ஜூலைக்காரர் வீடு திரும்ப, ஓகஸ்ட்காரர் வெளிக்கிட, இரண்டு படையும் றோட்டில் சந்திக்கும் நாள் அது. 1975இல் அப்படியொரு சனியன்று நாடு முழுவதும் சேர்த்து 600 கிலோமீற்றர் நீளத்துக்குக் கார்கள் அசையாமல் நின்றன. அடுத்த வருடமே அரசு 'பிசோன் ஃப்யூத்தே', அதாவது கெட்டிக்காரக் காட்டெருமை, என்ற பெயரில் போக்குவரத்து முன்னறிவிப்பைத் தொடங்கியது. நாளுக்கு ஒரு நிறம்: பச்சை, செம்மஞ்சள், சிவப்பு, கறுப்பு. கறுப்பென்றால், 'உங்களுக்கு வீடு இல்லையா?' என்று அரசு நாகரிகமாகக் கேட்கிறது என்று பொருள். நாங்கள் குறித்த சனி வழக்கமாகச் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில்தான் ஊசலாடும்.

அம்மாவிடம் வேறொரு முன்னறிவிப்புச் சேவை இருக்கிறது. பாரிஸின் லாச்சப்பல் பகுதித் தமிழ்க் கடையொன்றில் இனாமாகக் கிடைத்த நாட்காட்டி. "சனிக்கிழமை ஒன்பதிலயிருந்து பத்தரை ராகுகாலம். அதுக்கு முந்தி வெளிக்கிட்டிட வேணும்." பாரிஸில் சூரியன் எத்தனை மணிக்கு உதித்தாலும் அம்மாவின் ராகு ஒன்பதுக்குத்தான் வருவார். காட்டெருமையைக் கேட்டால், விடியுமுன் கிளம்பு என்கிறது. எங்கள் வீட்டில் பிரெஞ்சு அரசும் பஞ்சாங்கமும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான். அதிகாலை ஐந்து மணி என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து வாக்களிக்கக்கூடிய சின்னவன் அப்போது தூக்கத்தில் இருந்தான்.

ஆனால் ஐந்து மணிக்குப் புறப்படுவதில் ஒரு வில்லங்கம் உண்டு: சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவோம். கிராமத்து வாடகை வீட்டை இங்கே 'ஜீத்' என்பார்கள். கோடையில் அது பெரும்பாலும் சனி முதல் சனி வரைதான் கிடைக்கும். சாவி மாலை நான்கு மணிக்கு. வழியில் நிறுத்தி, பால் கொடுத்து, வாந்தி துடைத்து, மறுபடி நிறுத்தி ஓடினாலும் ஒரு மணிக்கு அங்கே நிற்போம். சரி, சாப்பிடலாம். கிராமத்து உணவகத்தில் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான் அடுப்பு எரியும். ஒரு மணி என்பது சின்னவன் காரில் தூங்கும் நேரம். அவனை எழுப்பிச் சாப்பிட வைத்தால் உணவகமே எழுந்து போய்விடும். எழும்பும்வரை காத்திருந்தால் சமையற்காரர் தூங்கப் போய்விடுவார். சரி, சுப்பர்மார்க்கெட்டுக்குப் போகலாம். போகத்தான் வேண்டும், ஞாயிறு மதியத்துக்குப் பிறகு திறந்திருக்கும் கடையைத் தேடுவதற்கே ஒரு தனி லீவு எடுக்கவேண்டும். ஆனால் வாங்கிய பாலும் மீனும் நான்கு மணி வரை வெயிலில் எங்களோடு காத்திருக்கவேண்டுமே?

இவர் எக்செலைத் திறந்தது அப்போதுதான். "நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்" என்றார். கணினித் துறையில் வேலை செய்பவர் இப்படிச் சொன்னால், யோசிக்கத் தொடங்கிவிடுவது நல்லது.

அடுத்து வீடு. இந்த ஜீத் முறைக்கு ஒரு நல்ல மனம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிராமங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. பாழடைந்த பண்ணை வீடுகளைத் திருத்தி வாடகைக்கு விட்டால் விவசாயிக்கு வருமானம், நகரத்துத் தொழிலாளிக்கு மலிவான லீவு என்று எமில் ஓபேர் என்ற செனட்டர் யோசித்தார். 1951இல் ஆல்ப்ஸ் பக்கத்தில் முதல் வீடு திறந்தது. 1955இல் 'ஜீத் து பிரான்ஸ்' என்ற சம்மேளனம் உருவானது. வீடுகளுக்கு நட்சத்திரம் போடாமல் கோதுமைக் கதிர் போடுவார்கள், ஒன்றிலிருந்து ஐந்து வரை. ஐந்து கதிர் எங்கள் வங்கிக் கணக்கில் இன்னும் விளையவில்லை. மூன்று கதிரில் அறுவடையை முடித்துக்கொண்டோம்.

வீட்டுப் படங்களை, கலியாணத் தரகர் கொண்டுவரும் மாப்பிள்ளை படத்தைப் பார்ப்பதுபோல் பார்க்கவேண்டும். காட்டியிருப்பது முக்கியமில்லை, காட்டாமல் விட்டது எது என்பதே கேள்வி. ஒரு வீட்டில் மாடியறை இருந்தது, படிக்கட்டுப் படம் இல்லை. கேட்டு வாங்கிப் பார்த்தோம். கைப்பிடியற்ற மர ஏணி. இன்னொன்றில் முற்றத்து ரோஜாக்களை ஏழெட்டுக் கோணத்தில் எடுத்திருந்தார்கள். ஒன்பதாவது கோணத்தில் கிணறு. குழந்தை இல்லாதவர்களுக்கு அழகாகத் தெரிவது அத்தனையும் குழந்தை உள்ளவர்களுக்கு விபத்தாகத் தெரியும்.

நீச்சல் குளம் உள்ள வீட்டுக்கு மூத்தவள் ஆசைப்பட்டாள். 2003ஆம் வருடச் சட்டப்படி தனியார் குளங்களுக்கு வேலியோ அலாரமோ மூடியோ கூரையோ, ஏதாவது ஒன்று கட்டாயம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை மனதில் வைத்து வகுத்த விதிகள் என்று இவர் வாசித்துக் காட்டினார். "சட்டம் எழுதின ஆக்கள் இவனைக் கண்டவையோ?" என்று அம்மா கேட்டார். சின்னவன் அந்த நேரம் குளிர்சாதனப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். குளம் இல்லாத வீட்டைப் பிடித்தோம். அது ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றுக்கு வேலி போடும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

பதிவை உறுதி செய்ததும் வீட்டுக்காரர் நீண்ட கடிதம் அனுப்பினார். படுக்கை விரிப்புகளை நீங்களே கொண்டுவரலாம், இல்லாவிட்டால் தனிக் கட்டணம். போகும்போது நீங்களே துப்புரவு செய்யலாம், இல்லாவிட்டால் தனிக் கட்டணம். கழிவுநீர் மண்ணுக்கடியில் உள்ள தொட்டிக்குப் போவதால் காகிதம் தவிர வேறெதையும் கழிப்பறையில் போடவேண்டாம். கடைசி வரியில், அடுப்பு இண்டக்ஷன்.

அந்த ஒரு வரி எங்கள் வீட்டுக்குள் குண்டாக விழுந்தது. அம்மாவின் புட்டுப்பானை அலுமினியம். இடியப்பம் அவிக்கும் பானை அலுமினியம். இண்டக்ஷன் அடுப்பு காந்தப்புலத்தால் பாத்திரத்தையே சூடாக்குவது. அலுமினியத்தை அது ஆளாகவே மதிக்காது. காந்தம் ஒட்டினால் வேலை செய்யும், ஒட்டாவிட்டால் இல்லை என்று இவர் விளக்கினார். குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்த ஈபிள் கோபுரக் காந்தத்தைக் கழற்றிக்கொண்டு அம்மா குசினி முழுக்கச் சோதனை போட்டார். ஒட்டிக்கொண்டது தோசைக்கல் மட்டும். வாத்தும் வால்நட்டும் காளானும் பேர்போன பூமியில் எங்கள் உணவு தோசை என்று அந்த நிமிடம் தீர்மானமானது. மூத்தவள் வெண்ணெய் போட்ட வெள்ளைப் பாஸ்தாவைத் தவிர வேறெதையும் உணவென்று ஏற்பதில்லை என்பதால் அவளுக்கு இது பொருட்டில்லை.

சும்மா இருக்கப் போகிறோம் என்றாலும், அவ்வளவு தூரம் போய் ஒன்றும் பார்க்காமல் வந்தால் அலுவலகத்தில் மறுபடி தோளில் கை விழும். 'பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்' என்று 1982இல் தொடங்கிய ஒரு சங்கம் இருக்கிறது. அதில் சேர ஊரின் சனத்தொகை 2000க்கு மேற்படக் கூடாது. எங்கள் பக்கத்திலேயே பேனாக், லா றோக் கஜாக், தோம் என்று வரிசையாக நிற்கின்றன. படங்களைக் கூர்ந்து பார்த்ததில் ஒரு விதி பிடிபட்டது: ஊர் எவ்வளவு அழகோ, தள்ளுவண்டிச் சக்கரம் அவ்வளவு உருளாது. உருண்டைக் கல் பதித்த, குன்றில் செங்குத்தாக ஏறும் தெருக்கள். வண்டி உருளக்கூடிய அசிங்கமான கிராமங்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினால் நாங்கள் ஆயுட்கால அங்கத்தவர்கள்.

பிறகு லஸ்கோ குகை. 17,000 வருடத்துக்கு முந்திய எருதுகளும் குதிரைகளும் சுவரில் ஓடும் இடம். பார்க்க வந்தவர்கள் விட்ட மூச்சிலேயே ஓவியங்கள் கெடத் தொடங்கியதால் 1963இல் மூடிவிட்டார்கள். இப்போது மக்கள் பார்ப்பது அச்சொட்டாகச் செய்த நகல். முழுக் குகையின் நகல் 2016இல் திறந்தது. இதை மூத்தவளுக்கு விளங்கப்படுத்தினேன்.

"அப்ப அது பொய்க் குகையா அம்மா?"

"பொய் இல்லை. உண்மையைப் போலவே செய்தது."

"அதுக்கு ரிக்கெட் உண்மையா?"

உண்மைதான். வழிகாட்டியோடு, நேரம் குறித்து, முன்பதிவு செய்து போகவேண்டும். அசல் குகையைக் கண்டுபிடித்தவர்களோ மார்செல் ரவிதா என்ற இளைஞனும் மூன்று கூட்டாளிகளும். 1940 செப்டெம்பர் 12 அன்று காட்டில் ஒரு பொந்தைத் தோண்டி உள்ளே இறங்கினார்கள். முன்பதிவு இல்லை, எக்செல் இல்லை, கூடவே ஒரு தாயும் இல்லை. மூன்றாவது காரணம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

அமைதியாவது கிடைக்குமா என்று பார்த்தால், அதற்கும் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஒலேரோன் தீவில் மொறிஸ் என்ற சேவல் விடியற்காலையில் கூவுகிறதென்று, லீவுக்கு வந்துபோகும் பக்கத்து வீட்டார் வழக்குப் போட்டார்கள். 2019இல் நீதிமன்றம் சேவலின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2021 ஜனவரியில் நாடாளுமன்றம் ஒரு படி மேலே போய், நாட்டுப்புறத்தின் சத்தங்களுக்கும் மணங்களுக்கும் சட்டப் பாதுகாப்பே கொடுத்துவிட்டது. சேவல் கூவலாம், மாட்டு மணி ஒலிக்கலாம், எரு நாறலாம். சத்தம் போடும் பாரிஸ் பிள்ளைகளுக்கு மட்டும் அந்தச் சட்டத்தில் இடமில்லை. இந்தச் செய்தியைக் கேட்டு அம்மாவுக்கு இந்த நாட்டின் மீது முதல் தடவையாக ஒரு மதிப்பு வந்தது. "கோழிக்குக்கூட நியாயம் கிடைக்குது பார்."

போன ஞாயிறு இவர் எக்செல் தாளை அச்சடித்துச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். நாலு பக்கம். புதனன்று சார்லா சந்தை, வெள்ளியன்று கவண்பொறி வைத்திருக்கும் கஸ்தல்னோ கோட்டை, மழை வந்தால் மாற்றுத் திட்டம், காய்ச்சல் வந்தால் மாற்றுத் திட்டம், அருகிலுள்ள மருந்துக்கடையின் மதிய இடைவேளை. நான் விரலை ஓட்டி என் நாற்காலியைத் தேடினேன். மூன்றாம் பக்கத்தில் இருந்தது: வியாழன், 13.30 முதல் 15.00 வரை, 'சும்மா இருத்தல்'. பக்கத்தில் சிறிய எழுத்தில், 'பிள்ளைகள் இருவரும் தூங்கினால்'.

அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "வியாழக்கிழமை ஒண்டரையிலயிருந்து மூண்டு ராகுகாலமெல்லோ?"

இவர் நெற்றியில் கை வைத்தார். நாலு பக்கத்தையும் திருப்பி எழுதவேண்டி வருமோ என்ற கவலை அவருக்கு.

"இருக்கட்டும் தம்பி, மாத்தாதையும்" என்றார் அம்மா. "அந்த நேரம் ஒரு காரியமும் துவங்கப்படாது. சும்மா இருக்கிறதுக்கு அதைவிட நல்ல நேரம் எங்க கிடைக்கும்?"