அறுபது நோட்டு, ஒரே முகவரி

ஒரு பொறியியல் கல்லூரிக்குச் செய்முறைத் தேர்வு நடத்தப் போயிருந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். சொல்லாவிட்டாலும் நாலைந்து கல்லூரிக்காரர்கள் தங்களைத்தான் சொல்கிறேன் என்று சண்டைக்கு வருவார்கள்.

எக்ஸ்டெர்னலாக வரும் தேர்வாளருக்கு முதலில் முந்திரி பக்கோடாவும் காபியும் வரும். பின்னாலேயே ரெக்கார்டு நோட்டு அடுக்கு வரும். அறுபது நோட்டு. பழுப்பு அட்டை, லேபிள், ஸ்கேல் வைத்து இழுத்த மார்ஜின். கம்ப்யூட்டர் காட்டவேண்டிய அவுட்புட்டைப் பென்சிலால் பெட்டி கட்டி வரைந்திருந்தார்கள். பெட்டி கோணலானால் மார்க் போகும்.

ஏழாவது பரிசோதனை: இருபரிமாண அணி ஒன்றில் உள்ளதை இன்னோர் அணிக்கு நகலெடுத்தல். சி மொழியில். மூன்று நிரை, மூன்று நிரல், ஒன்பது அறை. சி மொழியில் 'பி = ஏ' என்று அணியை அப்படியே தூக்கிக் கொடுக்க முடியாது; கம்பைலர் மறுத்துவிடும். அறை அறையாகத்தான் மாற்றவேண்டும். வெளியே ஒரு ஃபார் லூப், அதில் ஐ நிரையை எண்ணும். உள்ளே இன்னொரு லூப், அதில் ஜே நிரலை எண்ணும். நடுவில் 'பி[ஐ][ஜே] = ஏ[ஐ][ஜே]'. அவ்வளவுதான். மெம்காபி என்று ஒரே வரியில் முடிக்கவும் வழி உண்டு. லேப் மேனுவலில் இல்லாததால் அந்தக் கல்லூரியின் எல்லைக்குள் அது கிடையாது.

முதல் நோட்டைத் திறந்தேன். உள் லூப்பில் ஜே++ இருக்கவேண்டிய இடத்தில் ஐ++. கைதவறல் என்று விட்டுவிடக்கூடிய பிழை அல்ல. ஜே பூஜ்யத்திலேயே குந்தியிருக்கும், மூன்றைத் தொடவே தொடாது. ஐ மட்டும் நான்கு, நாற்பது, நானூறு என்று ஏறி, அணியின் எல்லையைத் தாண்டி அடுத்தவன் இடத்திலெல்லாம் எழுதிக்கொண்டே போகும். எவன் எல்லையை எவன் தாண்டினாலும் சி மொழி கேட்காது, நம் ஊர் நிலஅளவைக்காரர் மாதிரி. கடைசியில் புரோகிராம் தொங்கும், அல்லது செத்து விழும்.

அதன் அடியில் முத்து முத்தான எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம்: புரோகிராம் வெற்றிகரமாக இயக்கப்பட்டு வெளியீடு சரிபார்க்கப்பட்டது என்று. பக்கத்தில் சிவப்பு மையில் ஆசிரியர் கையெழுத்து.

இரண்டாவது நோட்டிலும் ஐ++. பத்தாவதிலும் ஐ++. அறுபதிலும்.

வைவாவில் ஒரு பையனைக் கேட்டேன். "தம்பி, இந்த உள் லூப் எப்போ முடியும்?"

"நாலரைக்கு சார்."

சிரித்துவிட்டேன். அவன் கிண்டலாகச் சொல்லவில்லை என்று பிறகுதான் உறைத்தது. லேப் முடியும் நேரத்தைச் சொன்னான். பெல் அடிக்கும்வரை பார்த்து எழுதுவது: லூப் என்று அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

சி மறுக்கும் 'பி = ஏ'-யைப் பைத்தானில் தாராளமாக எழுதலாம். ஆனால் நகல் பிறக்காது. ஒரே ஆளுக்கு இரண்டு பெயர். பி-யில் ஓர் எண்ணை மாற்றினால் ஏ-யிலும் மாறியிருக்கும். உஷார்ப் பேர்வழி காபி() போடுவான். மேல்கூடு புதிதாக வரும், உள்ளே நிரைகள் அதே பழைய நிரைகள். ஜாவாவில் இருபரிமாண அணிக்குக் குளோன்() போட்டாலும் இதே கதை. ஷேலோ காபி என்பார்கள். இதை எப்படிப் புரியவைப்பது என்று வருஷக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அந்த மேஜைமேல் இருந்தது பாடம்: அறுபது அட்டை, அறுபது லேபிள், உள்ளே ஒரே முகவரி.

தேர்வு நடந்ததோ டர்போ சி++-இல். போர்லாண்ட் அதை வெளியிட்டது 1990-இல். சி++ மொழிக்கே முதல் சர்வதேசத் தரம் வந்தது 1998-இல். இன்றைய விண்டோஸ் டர்போ சி++-ஐச் சீண்டாது என்பதால் டாஸ்பாக்ஸ் என்னும் வேஷக் கம்ப்யூட்டரை ஏற்றி, அதற்குள் நீலத்திரையை எழுப்புகிறார்கள். இன்ட்டுக்கு எத்தனை பைட் என்று அதே பையனைக் கேட்டேன். "ரெண்டு சார்." அந்தப் பையனின் சட்டைப்பையில் இருக்கும் போனில் நான்கு. காசில்லாமல் கிடைக்கும் ஜிசிசி கம்பைலர் 1987-லேயே வந்துவிட்டது. வயலை விற்றுக் கட்டிய ஃபீஸில் அதை டவுன்லோட் செய்ய மட்டும் பட்ஜெட் இல்லை. நுழைவாயிலில் நீரூற்று இருக்கிறது, கலர் விளக்கோடு.

துறைத்தலைவரிடம் போனேன். "மேனுவல்லயே அப்படித்தான் சார் இருக்கு" என்று எடுத்து நீட்டினார். அச்சடித்த ஐ++. பக்கத்தின் அடியில் வேறொரு கல்லூரியின் பெயர். திருடிய குடத்தில் பேரை அழிக்கக்கூட இவர்களுக்குச் சோம்பல்.

"யாராவது ஒருதரம் ஓட்டிப் பார்த்தீங்களா?"

"தரச்சான்றுக்கு நாக் கமிட்டி வர்ற நேரம் சார். ஃபைல் வேலையே தலைக்கு மேல."

திரும்பி வந்து நோட்டுகளில் கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். நாற்பத்துச் சொச்சமாவது நோட்டில், ஏழாவது பரிசோதனையின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: மேனுவலில் உள்ளபடி மாற்றி எழுதவும். கீழே உள் லூப்பில், வெள்ளை மை பூசிய இடத்தின்மேல், ஐ++. தாளைத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். பூச்சுக்கு அடியில் ஜே தெரிந்தது.