மூன்று முடிச்சும் நான்கு ஜிபியும்

காணொளிக் கோப்புகளில் பழைய வடிவம் நல்லதா, புதிய வடிவம் நல்லதா என்னும் வினா, தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் கல்யாணம் முடிந்து மூன்று மாதம் கழித்து, வீடியோக்காரர் பென்டிரைவைக் கொடுத்தனுப்பும் நாளில்தான் எழுகிறது.

அதனை ஆராயப் புகுமுன், பாத்திரம் வேறு, பண்டம் வேறு என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுதல் நலம். 1992-இல் வந்த ஏவிஐ, பின்னர் வந்த எம்பி4, எம்கேவி என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருப்பவை, படத்தையும் ஒலியையும் சேர்த்து வைத்து மூடும் தூக்குவாளிகளே. உள்ளே இருப்பது சாம்பாரா ரசமா என்பதைத் தீர்மானிப்பது, படத்தைச் சுருக்கவும் விரிக்கவும் பயன்படும் கோடெக் என்னும் முறையாகும். வாளியின் பெயரை மட்டும் படித்துவிட்டு, “எம்பி4தானே, ஏன் ஓடவில்லை?” என்று தொலைக்காட்சிப் பெட்டியை அதட்டும் பெரியப்பாக்களும், கோப்பின் பெயரை மாற்றினால் ஓடிவிடும் என்று நம்பும் மருமகன்களும் இவ்வேறுபாட்டை ஏற்பதில்லை. மருமகன்களின் நம்பிக்கை முற்றிலும் வேரற்றதன்று: விசிடித் தட்டில் டேட் என்ற பெயரில் கிடந்த கோப்பை எம்பிஜி என்று மாற்றியதும் அது பல கணினிகளில் ஓடியது உண்மை, ஆனால் அதன் உள்ளே முன்பே எம்பெக்-1 என்னும் கோடெக் இருந்தது என்பதே காரணம், கெஜட்டில் பெயரை மாற்றியதால் ஜாதகம் மாறிவிட்டது என்பதன்று.

கோடெக் ஒவ்வொரு படச்சட்டத்தையும் முழுதாகச் சேமிப்பதில்லை. ஒன்றை முழுதாக எழுதி வைத்து, அடுத்தடுத்தவற்றில் எது மாறியதோ அதை மட்டும் குறித்துக்கொள்கிறது. மணமக்கள் அசையாது அமர்ந்திருக்கும் வரவேற்பு மேடை, ஆகையால், அதற்குப் பரமசுகம். முகூர்த்த வேளையிலோ ஆயிரக்கணக்கான அட்சதை மணிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் பறக்க, எதை எங்கே நகர்ந்ததாகக் குறிப்பது என்று தெரியாமல் திணறி, மாப்பிள்ளையின் முகத்தைச் சதுரம் சதுரமாக உடைத்துவிடுகிறது. 352×288 புள்ளிகளும் ஒரு தட்டுக்கு 74 நிமிடமுமாக 1993-இல் வந்த விசிடியில் இச்சதுரங்களை எண்ணியே விடலாம். 2003-இல் வந்த ஹெச்.264 என்னும் கோடெக் இதனைப் பெருமளவு திருத்தியது. 2013-இல் வந்த ஹெச்.265, ஏறத்தாழ அதே தரத்தைப் பாதி இடத்தில் அடக்கிக் காட்டியது.

எனினும் காப்புரிமைக் கட்டணத்துக்கென மூன்று கூட்டமைப்புகள் தனித்தனியே உட்கார்ந்துகொண்டமையால், ஹெச்.265 ஒரே கல்யாணத்தில் மூன்று மேசை போட்டு மொய் எழுதச் சொன்ன வீடாயிற்று. 2018-இல் வெளிவந்த ஏவி1, மொய் வேண்டாமென்று பத்திரிகையிலேயே அச்சிட்டு வந்த மாற்று முறையாகும். அதனை அறிந்த தொலைக்காட்சி பெரியப்பா வீட்டில் இல்லை என்பதால் அதை இத்துடன் விடலாம்.

சிக்கல் உண்மையில் அந்தத் தொலைக்காட்சியில்தான் இருக்கிறது. பத்தாண்டுப் பழைய அப்பெட்டிக்கு ஹெச்.265 தெரியாது, ஒலி மட்டும் தெரியும். விளைவாக, கெட்டிமேளம் வீடதிர முழங்க, திரை கருப்பாகவே நிற்க, கூடத்தில் அமர்ந்திருக்கும் இருபது பேரும் எதையோ பார்ப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருப்பர். ஹெச்.264-க்கே திரும்பலாமெனில், நொடிக்கு 5 மெகாபிட் வீதம் மூன்று மணி நேரப் படம் 6.75 ஜிபி ஆகிவிடுகிறது. அப்பெட்டி படிக்கக்கூடிய பென்டிரைவோ ஃபேட்32 என்னும் பழைய முறையில் அடுக்கப்பட்டது. அம்முறை 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை உள்ளே விடாது. பெட்டிக்குள் நுழையும் கோப்பு திரையில் தெரியாது, திரையில் தெரியும் கோப்பு பெட்டிக்குள் நுழையாது என்னும் இந்நிலையில், புதுப் பெட்டி வாங்கலாம் என்று சொல்லும் துணிவு மருமகன்களுக்கு வருவதில்லை.

ஆகவே வீடியோக்காரர் ஹெச்.264-ஐயே தேர்ந்து, விசிடித் தட்டுகளைப் போலவே படத்தை இரண்டாக வெட்டித் தருகிறார். எங்கே வெட்டுவதென்று அவர் யோசிப்பதில்லை. மென்பொருள் அளவை மட்டும் பார்த்து வெட்டிவிடுகிறது. மாப்பிள்ளை போட்ட முதல் முடிச்சு பகுதி ஒன்றின் கடைசியிலும், நாத்தனார் போட்ட மற்ற இரண்டு முடிச்சுகள் பகுதி இரண்டின் தொடக்கத்திலும் விழுந்துவிட, பெண் வீட்டார் பகுதி ஒன்றை மட்டும் போட்டுக் காட்டுகிறார்கள் என்று நாத்தனார் இன்றளவும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.